பென் டிரைவைக் காணோம், காத்திருக்கிறேன்

பட்டனை அழுத்தினால் திரையில் பச்சைக் கோடு ஓடுகிறது. நொடிகள் நகர்கின்றன. பாட்டு மட்டும் கேட்கவில்லை. ஸ்பீக்கரை மாற்றினேன், ஹெட்போனைச் செருகிப் பார்த்தேன், லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டேன். வேறு எந்தப் பாட்டைப் போட்டாலும் ஸ்பீக்கர் நன்றாகவே கத்துகிறது. அண்ணனுடைய நாற்பத்து மூன்று கோப்புகளுக்கு மட்டும் ஊமையாகிவிடுகிறது. இந்தச் சனியன் பிடித்த புரோகிராமை எழுதிய முட்டாள் யார் என்று கேட்டால், நான்தான்.

அது ஒரு சனிக்கிழமை காலை. முடிச்சூரில் எங்கள் வீட்டு மாடி அறை. பக்கத்தில் நாற்காலி போட்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். ஈரம் போன பிறகும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி, வருமா?"

"ரெண்டு நிமிஷம் அண்ணி. சின்ன விஷயம்தான்."

ஐ.டி. வேலை பார்க்கிறவன் 'சின்ன விஷயம்தான்' என்றால் நம்பவே கூடாது. இருபது வருஷமாக அந்த வேலையில் இருக்கிற நானே நம்ப மாட்டேன். அண்ணி நம்பினார்.

அண்ணன் போய் அப்போது ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆகியிருந்தன. கல்யாண ரிசப்ஷன், சர்ச் திருவிழா, பிறந்தநாள் என்று மேடை மேடையாகக் கீபோர்டு வாசித்தவன். பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. நாற்பத்தேழு வயது. பண்டிகைக் கூட்டம். கீபோர்டு பையை யாரோ ஒரு புண்ணியவான் ஆஸ்பத்திரி வரை தூக்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார், அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை.

சின்ன நிகழ்ச்சிகளுக்கு முழுக் குழுவைக் கூப்பிட யாருக்கும் வசதிப்படாது. அதற்காக அண்ணன் வீட்டிலேயே 'மைனஸ் ட்ராக்' போடுவான். பாட்டில் பாடகர் குரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற வாத்தியங்கள் அத்தனையையும் வாசித்துப் பதிவு செய்து வைப்பதுதான் மைனஸ் ட்ராக். மேடையில் அதை ஓடவிட்டால் அதன்மேல் அண்ணி பாடுவார். கடையில், இணையத்தில் எல்லாம் கிடைக்கிற சரக்குதான். ஆனால் அண்ணன் போடுவது அண்ணிக்கென்றே தைத்த ஜாக்கெட். வெள்ளத்தில் ஊரே முங்கிய அந்த வருஷம் எங்கள் வீட்டுச் சுவர் மூன்று மாதம் ஈரமாகவே இருந்தது. அப்போது பிடித்தது அண்ணிக்கு வீசிங். நீளமான வரிகளை ஒரே மூச்சில் பாட முடியாமல் போனது. அண்ணன் எல்லா ட்ராக்கையும் மறுபடி உட்கார்ந்து வாசித்தான். அண்ணிக்கு மூச்சு வாங்குகிற இடங்களில் வயலினோ புல்லாங்குழலோ ஒரு அரை நொடி கூடுதலாக நீளும். கேட்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த அரை நொடியில் அண்ணி மூச்சு எடுத்துக்கொள்வார்.

அவன் போன பிறகு அண்ணி பாடவில்லை. பூசையில் எல்லாரும் எழுந்து நின்று பாடுகிறபோதுகூட உதட்டை மட்டும் அசைப்பார். சோறும் பாதிதான் உள்ளே போகும். அப்படியிருந்தவரிடம் அண்ணனோடு இருபது வருஷம் ரிதம் பேட் வாசித்தவர் வந்து, தன் மகளின் ரிசப்ஷனில் இரண்டு பாட்டாவது பாட வேண்டும் என்று கேட்டார். அண்ணி ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒரே முடிவாகச் சொன்னார்.

"அவர் போட்ட ட்ராக்னா பாடறேன். இல்லன்னா என்னை விட்டுடுங்க."

ரிசப்ஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. அண்ணி அன்றைக்கே வெந்நீரில் ஆவி பிடிக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "டேய், அவ பாட ஆரம்பிச்சா சோறு திம்பாடா. உன் தலைய அடமானம் வச்சாவது அந்தப் பாட்டை எடுத்துக் குடுத்துடு" என்றாள். அம்மா என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்கிற ஆள் இல்லை. அன்று கேட்டாள்.

அந்த புரோகிராமின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மேடையில், மணமக்களுக்காக மெதுவான பாட்டு ஒன்று முடிந்து ஃபாதர் ஜெபம் சொல்லக் கையை உயர்த்தியபோது, லேப்டாப் தானாகவே அடுத்த பாட்டுக்குத் தாவி, டண்டணக்கா என்று ஒரு குத்துப்பாட்டைப் போட்டுவிட்டது. ஃபாதர் பார்த்த பார்வையில் அண்ணன் எரிந்து சாம்பலாகாதது ஆச்சரியம். வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். "டேய், எனக்குன்னு ஒரு பிளேயர் எழுதிக் குடு. ஒரு பாட்டு முடிஞ்சா நிக்கணும், அதுவா தாவக் கூடாது. பட்டன் பெருசா இருக்கணும். ஏதாவது தப்பாச்சுன்னா இங்கிலீஷ்ல திட்டக் கூடாது, தமிழ்ல மரியாதையா சொல்லணும்." இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து வருஷம் அதை வைத்தே ஓட்டினான். ஒருநாளும் காலை வாரியதில்லை.

இப்போது வாரியது. ஏன் என்று திறந்து பார்த்தால், கோப்பைத் திறக்கிற இடத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: பிழை வந்தால் பிடித்துக்கொள், பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாதே. கேளம்பாக்கம் ஆபீஸில் இதையே வேறு யாராவது எழுதியிருந்தால், சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கறியா என்று கேட்டிருப்பேன், கேட்டும் இருக்கிறேன். அதனால்தான் பாட்டு திறக்காவிட்டாலும் பிளேயர் வாயை மூடிக்கொண்டு இருந்தது. பச்சைக் கோடு ஓடியதற்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிஷம் என்று தனியாக ஒரு பட்டியலில் அண்ணன் குறித்து வைத்திருந்தான், கோடு அந்தக் கணக்கைப் பார்த்து ஓடியது.

பிழையை மறைக்காமல் காட்டும்படி மாற்றினேன். "அனுமதி இல்லை" என்று வந்தது.

'கோப்பு இல்லை' என்று வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தேடலாம். ஆனால் கோப்புகள் அத்தனையும் கண்ணெதிரே இருந்தன. பெயர் தெரிந்தது, அளவு தெரிந்தது, கடைசியாக எப்போது மாற்றினான் என்பதும் தெரிந்தது. அண்ணன் பெயர் வைக்கிற அழகே தனி. "அவளுக்கு அரை கட்டை கம்மி." "இதுல மூச்சு ரெண்டு எடம்." "இத வேகமா பாடினா திட்டு." அந்தப் பெயர்களை அண்ணி என் தோளுக்கு மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்றைப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தார். அவர் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அடுத்து வழக்கமாகப் பார்ப்பதை எல்லாம் பார்த்தேன். இடம் சரியாக இருந்தது. வேறு எந்த புரோகிராமும் கோப்பைப் பிடித்து வைத்திருக்கவில்லை. பிறகு கோப்பின் சொந்தக்காரர் யார் என்று பார்த்தேன். அண்ணன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஓர் எண் இருந்தது. அந்தப் பெயரில் இந்த லேப்டாப்பில் யாரும் இல்லை, எண் மட்டும்தான் மிச்சம் என்று அர்த்தம். சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். லேப்டாப் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. மறுபடி பட்டனை அழுத்தினேன். அனுமதி இல்லை. வெளியே நாம் தட்டத் தட்ட, உள்ளே இருப்பவர் எழுந்து வராத வீடு மாதிரி இருந்தது.

அம்மா கூப்பிட்டாள் என்று அண்ணி கீழே போன பிறகுதான், கோப்புகளின் மூலையில் பொடிசாக ஒரு பூட்டுப் படம் இருப்பதைக் கவனித்தேன். அட கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன். அந்தப் பூட்டை எனக்குத் தெரியும். போடச் சொன்னதே நான்தான். வேறொரு குழுக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் அண்ணன் டீ வாங்கப் போன கேப்பில் ட்ராக்குகளைச் சுட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரமே அண்ணியின் மூச்சு அளவில் வேறு யாரோ மேடையில் பாடிக்கொண்டிருந்தார். அண்ணன் கொதித்துப் போய் எனக்குப் போன் செய்தான். கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். "உன் பேர்ல தனிக் கணக்கு ஒண்ணு வச்சுக்கோ, ஃபோல்டரை இப்படி இப்படிப் பூட்டிக்கோ, உன் கணக்குல நுழைஞ்சாத்தான் தெறக்கும்" என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். அவன் நான் சொன்னபடியே செய்திருக்கிறான். என் பேச்சை அவன் அப்படியே கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பூட்டின் சாவி அவன் கணக்குக்குள்ளேயே இருக்கும். அந்தக் கணக்கை அழித்தவனும் நான்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் அது. ரேஷன் கார்டிலிருந்து அண்ணன் பெயரை எடுக்க தாம்பரம் தாலுகா ஆபீஸுக்குப் போயிருந்தேன். "நீக்கம்" என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா லேப்டாப் முன்னால் அழுதுகொண்டிருக்கிறாள். காலைப் பூசையை அதில்தான் பார்ப்பாள். திறந்தவுடன் அண்ணனின் சிரிக்கிற முகமும் பெயரும் முதலில் வரும், பிறகுதான் மற்றவர்கள் பெயர். "தெனம் என்னை வான்னு கூப்பிடறாண்டா. எடுத்துடுடா, மாதா மேல ஆணையா என்னால முடியல" என்றாள். வந்த சூட்டிலேயே அதையும் செய்தேன். கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று லேப்டாப் கேட்டது. வைத்துக்கொள் என்று அழுத்தினேன். எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் அழிந்ததை மீட்டுத் தருகிற கடை ஒன்று இருக்கிறது. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"சாவி இருந்த எடத்துல ஒரு வருசமா வேற இன்னான்னாவோ எழுதிக்கினு வந்துகீறீங்க சார். பூட்டு மட்டும் கீது. இத்தோட மல்லுக்கட்டறது வேஸ்ட்டு. வேற எங்கனா காப்பி இல்லியா?"

இல்லை என்றுதான் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்த அண்ணி ஆவி பிடித்த முகத்தோடு, "வந்துடுச்சா தம்பி?" என்றார். "வந்துக்கிட்டே இருக்கு அண்ணி" என்றேன். என் நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல், நான் எழுதிய புரோகிராமையே முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். கோளாறு அதில் இல்லை என்று தெரிந்தும் படித்தேன். கோப்பைத் திறப்பதற்கு முன்னால் அது வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. அண்ணனின் பென் டிரைவை. அது செருகப்பட்டிருந்தால் அதிலிருந்து பாட்டை எடு, இல்லாவிட்டால் லேப்டாப்பில் இருப்பதை எடு, ஐந்து நொடிக்கு ஒருமுறை மறுபடி தேடு என்று எழுதியிருந்தேன். அண்ணன் கேட்டபடி, தமிழில், மரியாதையாக ஒரு வரி திரையின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் வரும்படி வைத்திருந்தேன். இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது. என் கண்தான் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.

"பென் டிரைவைக் காணோம், காத்திருக்கிறேன்."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கடைக்காரர் காப்பி இருக்கிறதா என்று கேட்டபோதுகூட இது ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தப் பென் டிரைவ் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளத்தில் அண்ணனின் பழைய கம்ப்யூட்டர் முங்கி, அதுவரை போட்ட ட்ராக் அத்தனையும் போனது. அதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு காப்பியைப் பென் டிரைவில் போட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். குளிக்கும்போது மட்டும் கழற்றுவான். "கழுத்தளவு தண்ணி வந்தாலும் என் பாட்டு நனையாதுடா" என்பான். அவனைப் பெட்டியில் வைத்து, கோட்டு மாட்டி, கைகளில் ஜெபமாலையைச் சுற்றியபோது சட்டைக்குள் அந்தக் கயிறு இருந்தது. மூடுவதற்கு முன் அண்ணி குனிந்து அதைத் தொட்டு, என்னைப் பார்த்து, "தம்பி, இதை எடுத்துக்கணுமா?" என்று கேட்டார். அவன் ஆசையாகச் சுமந்த ஒன்று அவனோடு போகட்டுமே என்று தோன்றியது. "வேணாம் அண்ணி, எல்லாம் சிஸ்டத்துல இருக்கு. அது அவன்கூடவே போகட்டும்" என்றேன். அப்படித்தான் மூடினார்கள்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழிதான். சில வருஷம் கழிந்திருந்தால் அதையே திறந்து, இருப்பதை ஓரமாக ஒதுக்கி, அடுத்தவரை இறக்குவார்கள். அண்ணனை இறக்கியது அப்பாவின் குழியில். திறந்தபோது அப்பாவின் மூக்குக்கண்ணாடி முழுசாக வெளியே வந்தது. குழி வெட்டுகிறவர் மண்ணைத் துடைத்து என் கையில் கொடுத்தார். அம்மா அதைக் கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறாள்.

ஆக, அண்ணியின் பாட்டு எங்கேயும் தொலையவில்லை. நாற்பத்து மூன்றும் பூட்டு இல்லாமல், முழுசாக, ஆறடிக்குக் கீழே இருந்தன. மறுநாள் மத்தியான வெயிலில் கல்லறைக்குப் போனேன். என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதே குழி வெட்டுகிறவர் வேப்ப நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எங்க குழிய மறுபடி எப்ப தொறப்பீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வூட்ல யாருக்குனா முடியலியா சார்?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. சும்மா கேட்டேன்."

"சும்மா யாரு சார் இத்தக் கேப்பாங்கோ?" என்று சிரித்தார். "அடுத்த ஆளு வந்தாத்தான் தொறப்போம். அதுக்கும் வருசக் கணக்கு கீது, ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். நடுவுல ஒரு சாமான வுட்டுட்டேன், எடுத்துக்கினு போறேன்னா முடியுமா? இது இன்னா பேங்க் லாக்கரா?"

நான் சாமான் என்று சொல்லவே இல்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் போல. இத்தனை வருஷத்தில் என்னைப் போல எத்தனை பேர் வந்து நின்றார்களோ.

"பிளாஸ்டிக் சாமான் உள்ள இருந்தா என்னண்ணா ஆகும்?"

"அது இன்னா ஆவும்? மன்சன்தான் மக்கிப் பூடுவான். பிளாஸ்டிக்கு அப்டியே கெடக்கும். ஒங்கப்பா கண்ணாடிய நாந்தான சார் ஒங்க கைல குடுத்தேன்?"

அப்பாவின் பெயரும் அண்ணனின் பெயரும் வெட்டிய கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அண்ணன் பெயருக்குக் கீழே கல்லில் வெற்றிடம் விட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு பெயருக்கு இடம் இருக்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். இனி மறைத்தால் எனக்கே பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. பூட்டு நான் சொன்னது, சாவியை அழித்தது நான், பென் டிரைவ் அவனோடு போகட்டும் என்றதும் நான், மூன்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா மீன்குழம்புக் கரண்டியைக் கையில் வைத்தபடியே கேட்டாள். அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சிஸ்டத்துல இருக்கு அண்ணின்னு சொன்னீங்களே தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து, கை கழுவி, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா என் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

"எதுக்குடா பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க? அது எங்க ஓடிப் போகப் போகுது? பத்திரமாத்தான இருக்கு. அந்தக் குழி அடுத்தது எனக்குத்தான? என்னை எறக்கத் தொறப்பாங்கல்ல, அப்ப எடுத்துக்கோங்க."

"அம்மா!"

"எதுக்குக் கத்தற? இல்லாததையா சொல்லிட்டேன்? உங்கப்பா கண்ணாடி மாதிரி அதையும் தொடச்சுக் குடுப்பாரு, கீறல் விழாம வாங்கிக்கோ." ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "ஆனா இந்த ரிசப்ஷனுக்குள்ள முடியாதுடா. முட்டி வலியத் தவிர எனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பிரச்சினைக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில்தான் மாடியிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. முதலில் பேசுகிறார் என்று நினைத்தேன். அம்மா கையை உயர்த்தி என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள். அண்ணி பாடிக்கொண்டிருந்தார்.

சத்தம் போடாமல் மாடிப்படி ஏறினேன். கதவு இடுக்கில் தெரிந்தது. லேப்டாப்பில் பட்டனை அழுத்திவிட்டு, அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தபடி அண்ணி நின்றிருந்தார். பல்லவி முடிந்ததும் நிறுத்தினார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. கோடு மட்டும் ஓடியது. வயலின்கள் வந்து போகிற நேரம் அது, எனக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். அண்ணி தொடையில் விரலால் தட்டிக்கொண்டே காத்திருந்து, சரியான இடத்தில் சரணத்தை எடுத்தார். நீளமான ஒரு வரியின் நடுவில் நின்று மூச்சு இழுத்தார். அந்த வீசிங் இழுப்பு எனக்கு வாசல் வரை கேட்டது. அவன் விட்டு வைத்த அரை நொடி அங்கேதான் இருந்தது. பாட்டும் கோடும் ஒன்றாகவே முடிந்தன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பயமா, சந்தோஷமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது, கோபம் இன்னும் போகவில்லை.

"இந்தக் கோட்டைச் சரி பண்றேன்னு எடுத்துடாதீங்க தம்பி. சத்தம் வரலன்னாலும் அவர் போட்ட நேரம் அப்படியே இருக்கு."

என் வாழ்நாளில் நான் எழுதிய மோசமான கோடு அதுதான். எடுக்கவில்லை. பிழை வந்தால் பிடித்துக்கொள், ஒன்றும் செய்யாதே என்று பழையபடியே மாற்றி வைத்தேன்.

ரிசப்ஷனில் லேப்டாப்பை அண்ணிக்கு முன்னால் ஸ்டாண்டில் வைத்தோம். அதிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர் போகவில்லை. ரிதம் பேட்காரர் மகளின் மேடையில் தானே உட்கார்ந்து, அண்ணியின் விரலைப் பார்த்துப் பார்த்து மெல்லத் தட்டினார். பாட்டு வரிகளைத்தான் அண்ணி திரையில் பார்க்கிறார் என்று சனங்கள் நினைத்திருப்பார்கள். இரண்டு பாட்டு என்று வந்தவர் ஐந்து பாடினார். வாத்தியம் வர வேண்டிய இடங்களில் அவர் சும்மா நின்றபோது மண்டபத்தில் யாரும் பேசவில்லை. நான் மேடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அங்கிருந்து திரையின் கீழ் மூலை எனக்குத் தெரிந்தது. பொடி எழுத்தில் அந்த வரி அங்கேயே இருந்தது. பென் டிரைவைக் காணோம், காத்திருக்கிறேன். ஐந்து நொடிக்கு ஒருமுறை தேடிக்கொண்டிருந்தது. அது எதற்காகக் காத்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்வரிசையில் அம்மா முட்டியைத் தடவியபடி, வாய் நிறையச் சிரிப்போடு கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று பந்தியில் அண்ணி இரண்டாம் முறை பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டு என் விலாவில் முழங்கையால் இடித்தாள். மறுநாள் காலை முதல் வேலையாக, புரோகிராமைத் திறந்து பென் டிரைவைத் தேடுகிற பகுதியை முழுசாக அழித்தேன். அந்த வரியையும் அழித்தேன். பிளேயர் பழையபடியே ஓடுகிறது. அண்ணி மாதம் இரண்டு இடத்திலாவது பாடுகிறார்.

போன மழைக்கு அம்மாவுக்குச் சளி நெஞ்சில் கட்டி, நாலு நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் காலை, மூக்கில் குழாயோடு கண்ணைத் திறந்தவள் என்னைப் பக்கத்தில் வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். குனிந்தேன்.

"டேய், கல்லறை ஆபீஸ்ல எழுதிக் குடுத்து வச்சுக்கோ. உங்கண்ணி பாட்டு வந்துடும் போல இருக்கு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. "ஒண்ணும் அவசரம் இல்லம்மா" என்றேன்.